ஒருவரும் இருக்காத ஹோல்: கிளிநொச்சி வட்டக்கச்சி வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

கடையிலிருந்து இறக்கிய நாளில் சோபா செற்றியைச் சுற்றியிருந்த பொலித்தீன் ஐந்து வருடமாகியும் கழற்றப்படவில்லை. நான் இருந்ததும் சரசரத்தது. வைகாசிக் கடைசி, பகல் இரண்டு மணி. பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"கழட்டினால் ஊத்தையாப் போயிடும் தங்கச்சி" என்றார் வீட்டுக்கார அக்கா. தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு அவர் போய் இருந்தது வாசற்படியில். அவருடைய தாயார், எண்பதை நெருங்கும் ஆச்சி, குசினியோடு இறக்கிய பத்தியில் வெறும் நிலத்தில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். மகன் வேம்புக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் போனோடு. அந்த வீட்டின் மிகப் பெரிய அறையான ஹோலில் அந்நேரம் இருந்தவள் வெளியாளான நான் ஒருத்திதான்.

வீட்டுப் படம் கீறுவது என் தொழில். உள்ளலங்காரத்துக்கென்று கூப்பிடுபவர்கள் குறைவு, கூப்பிட்டாலும் "என்ன கலர் அடிக்கலாம்?" என்ற கேள்வியோடு அலுவல் முடிந்துவிடும். இந்த வீட்டில் அப்படி முடியவில்லை. செய்ததில் பாதி சரிவந்தது, ஒன்று நன்றாகப் பிழையாய்ப் போனது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

அக்காவின் தம்பி பதினொரு வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து பிள்ளைகளோடு ஆடியில் வருவதாக இருந்தார். "ஹோலை ஒருக்கா வடிவாக்கி வையுங்கோ" என்று இரண்டு லட்சம் ரூபா அனுப்பியிருந்தார். அக்கா முதலில் போனது ரவுணில் உள்ள ஒரு கடைக்கு. அவர்கள் தந்த மதிப்பீட்டுத் தாளை நாலாக மடித்து சாமித்தட்டில் வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். ஜிப்சம் சிலிங், அதன் விளிம்பில் நிறம் மாறும் லைற், ரீவிக்குப் பின்னால் கருங்கல் போலத் தோற்றும் ஒட்டுத்தாள், ஒரு ஏசி. மொத்தம் நாலரை லட்சம். தொகை கிடக்கட்டும். ஹோலின் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்த நெல்லு மூட்டைகளை எங்கே வைப்பது என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. சீற் கூரைக்குக் கீழே வெக்கையை என்ன செய்வது என்றும் இல்லை. ஏசி இருக்கிறதே என்று நினைத்திருப்பார்கள்.

வீடு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியால், கிளிநொச்சி உள்ள வன்னிக்குள் வருபவர்களுக்கு இந்த வீட்டைத் தனியாக விவரிக்கத் தேவையில்லை. இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில் கட்டியது. பயனாளி ஒருவருக்கு 550,000 ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏறஏறக் காசு வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனைப் பிடிப்பதும் கல்லும் மண்ணும் பறிப்பதும் வீட்டுக்காரர் பாடு. 550 சதுர அடியளவில் ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி. போரால் இடம்பெயர்ந்து இருந்த தறப்பாள் கூடாரத்துக்கும் தகரக் கொட்டிலுக்கும் பிறகு கிடைத்த கல்வீடு. பல குடும்பங்கள் நகையை அடைவு வைத்துத்தான் கூரையை ஏற்றின. அப்படிக் காசு முட்டுப்பட்ட வீடுகளில் கடைசியில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் ஒரே சாமான்: கூரைத் தண்ணீரை ஏந்திக் கொண்டுபோகும் பீலி. இந்த வீட்டிலும் பீலி இல்லை. முதல் நாளே பார்த்தேன், குறிப்புப் புத்தகத்திலும் எழுதினேன், பிறகு மறந்துவிட்டேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

வீடு கிழக்குப் பார்த்தது. ஹோல் பதினாறு அடிக்குப் பதினொன்று. வடக்குப் பக்கம் இரண்டு அறையும் இருக்கிறதால் அந்தச் சுவரில் அறைக்கதவுகள் மட்டும். மேற்கே குசினியும், பிறகு இறக்கிய தகரப் பத்தியும். தெற்குச் சுவரில் ஒரு பெரிய யன்னல். நிலம் சிவப்புச் சீமெந்து, நல்லாகத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. "ரைல்ஸ் பதிப்பமோ?" என்று அக்கா கேட்டபோது, இந்த நிலத்தைத் தொட்டால் நான் வேலைக்கு வரமாட்டேன் என்றேன். வெறுங்காலுக்கு இதைவிடக் குளிர்ச்சியான நிலம் இல்லை. நெல்லு மூட்டையை இழுத்தாலும் உடையாது.

உள்ளே: ஐந்து பேர் இருக்கக்கூடிய ரெக்சின் செற்றி, கண்ணாடி போட்ட சோக்கேஸ், ரீவி மேசை, பிறிட்ஜ், தையல் மெசின், அழுத்தப் பலகையில் செய்த அலுமாரி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய பன்னிரண்டு கதிரை, அதற்குப் பின்னால் மூட்டைகள். பெரும்போகம் வெட்டினால் ஈரநெல்லை வயலிலேயே விற்றுவிடுவார்கள். சாப்பாட்டுக்கும் விதைக்குமாகப் பன்னிரண்டு மூட்டை வீட்டுக்கு வரும். மாசியில் வந்தால் ஐப்பசி வரைக்கும் ஹோலில்தான்.

புகை

அலங்காரத்தில் முதல் வேலையாக நான் செய்தது சாம்பிராணித் தட்டை இரவல் வாங்கியதுதான். வெளியே வேம்பின் கொப்புகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தன. சோளகம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. வன்னியில் அந்த மாதங்களில் புழுதியையும் அதுதான் கொண்டுவரும், உடம்பில் வேர்வையைக் காயவைப்பதும் அதுதான். வெளியே அப்படி அடிக்கிற காற்று, ஹோலின் நடுவில் வைத்த புகையை அசைக்கவில்லை. நேரே ஏறி, சீற்றுக்குக் கீழே பரந்து, அங்கேயே தொங்கியது.

தெற்கு யன்னலுக்கு முன்னால் சோக்கேஸ் நின்றது. ரீவியில் வெளிச்சம் படுகிறது என்று வைத்தது. நானும் மகனுமாக அதை இழுத்தோம். யன்னல் கொண்டி கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, இரண்டு கதவையும் தள்ளினோம். புகைக் கம்பம் வளைந்தது. பிறகு முழுதாகச் சரிந்து முன்வாசலால் வெளியே போகத் தொடங்கியது. பத்தியிலிருந்து ஆச்சியின் குரல்: "எங்காலையடி காத்து வருது?" எழும்பி வந்து வாசலில் நின்று பார்த்தார்.

இந்த இடத்தில் வெயிலின் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "தெற்கு யன்னலைத் திறந்தால் வெயில் அடிக்கும்" என்று இங்கே பலர் நம்புகிறார்கள். இலங்கையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5இலிருந்து 15 வரை சூரியன் தெற்கிலிருந்து வடக்காக ஊர் ஊராக உச்சியைக் கடந்து போகும். கிளிநொச்சிக்கு மேலே வருவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில். அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் நண்பகல் சூரியன் எங்கள் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆகவே சோளகம் வீசுகிற மாதங்களில் பெரும்பகுதிக்குத் தெற்குச் சுவரில் நேர்வெயில் விழாது. காற்று வருகிற பக்கமும் நிழலான பக்கமும் ஒன்றாக அமைவது இந்த ஊருக்குக் கிடைத்த கொடை. அந்த யன்னலுக்கு முன்னால்தான் சோக்கேஸ். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து உள்ளே விழும். ஆனால் அப்போது மழையும் வாடையும், வெயில் வந்தால் புண்ணியம்.

மேலே முகட்டுச் சுவரில் காற்றுக்கற்கள் வைத்துத்தான் கட்டியிருந்தார்கள். வௌவால் வருகிறது, வாடை குளிருது என்று பழந்துணியும் பேப்பரும் அடைந்திருந்தது. மகன் ஏணி வைத்துப் பிடுங்கினான். ஒரு அணில் கூடும் வந்தது. கூட்டை மட்டும் வேம்புக்கு மாற்றினோம், அணில் எப்போதோ போய்விட்டது. வெளிப்பக்கம் கம்பி வலை, உள்ளே நுளம்பு வலை. சூடான காற்று ஏறிப் போக வழி இல்லாமல் கீழே எத்தனை மின்விசிறி போட்டாலும் அது சூட்டைக் கிண்டிக்கொண்டே இருக்கும்.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு. அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் இதில் கவனம் வேண்டும்: காய்ந்த பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சக்கூடாது, துளை போடக்கூடாது, அரைக்கக்கூடாது. அந்தத் தூசிதான் நுரையீரலுக்குப் போகிறது. மெல்லத் தண்ணீர் விட்டு நனைத்து, ஈரத்தோடு துடைத்து, காய்ந்த பிறகு உருளையால் பூசினார்கள். சீற்றில் நேரே கால் வைக்காமல் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். இங்கே கூரையால் விழுந்து இடுப்பு முறிந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். பூச்சுக் காய்ந்த அடுத்த நாள் பகல், சீற்றுக்குக் கீழே கையைப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கியது.

சிலிங் அடிக்கிறதில் எனக்கு முழு மனம் இல்லை. முந்திக் கலியாண வீடுகளில் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டுவார்கள். ஓலைத்தூசி விழாது, வெளிச்சமும் கூடும். அதே மாதிரி ஒரு துணிக் கூரை கட்டலாமா என்று யோசித்தேன். ஏ9இலிருந்து உள்ளே வரும் கிரவல் வீதிப் புழுதியை நினைத்துக் கைவிட்டேன். மூன்று மாதத்தில் அது கபிலமாகிவிடும், பல்லி முட்டையும் சேரும். கடைசியில் ஹோலுக்கு மட்டும் மெல்லிய பிவிசி சிலிங், முகட்டுக் காற்றுக்கல்லுக்குக் கீழே மட்டம் வைத்து, கரையில் காற்றுப் போக இடைவெளி விட்டு. அறைகள் இரண்டையும் தொடவில்லை.

ஏசி பற்றித் தம்பியார் ஒருநாள் வாட்ஸ்அப்பில் வந்தார். "பிள்ளையள் வெக்கை தாங்காது அக்கா." சீற்றுக்கும் சுவருக்கும் இடையில் கை போகிற இடைவெளி உள்ள ஹோலில் ஏசி பூட்டினால் முற்றத்து வேம்பும் குளிரும் என்று சொல்லி, போனைத் தெற்கு யன்னலுக்கு நேரே பிடித்தேன். காற்றின் இரைச்சலில் அவருக்கு நான் சொன்னது கேட்கவில்லை. சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மூட்டையும் படுக்கையும்

மூட்டைகளை ஒளிக்கச் சொல்லித்தான் அக்கா கேட்டார். முன்னுக்கு ஒரு திரை கட்டலாம், அறைக்குள் தள்ளலாம். நான் நாலு நாள் அதிலேயே கிடந்தேன். நெல்லு மூட்டை உள்ள வீடு வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், இந்த வீட்டில் ஒருவருக்கும் காலை நீட்டி இருக்க ஓரிடம் இல்லை. வன்னியின் பழைய வளவுகளில் மால் இருந்தது: அரைச்சுவர், ஓலைக் கூரை, ஏறி இருக்கவும் சாயவும் குந்து. வந்தவரும் அங்கே, வீட்டு ஆம்பிளைகளும் அங்கே, மழைக்கு மூட்டையும் அங்கே. வீட்டுத்திட்டப் படத்தில் மாலுக்கு இடம் இருக்கவில்லை. ஹோல் வந்தது, ஹோலுக்குச் செற்றி வந்தது.

ஆக, வடக்குச் சுவரில் இரண்டு அறைக்கதவுகளுக்கும் நடுவே ஒரு குந்து. எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம், பதினெட்டு அங்குல உயரம். கால் வைத்த வாங்கு என்றால் பன்னிரண்டு மூட்டையின் பாரத்துக்கு ஒரு போகத்தில் ஆடிவிடும். சீமெந்துக் கல்லில் இரண்டு அடிக்கு ஒரு தூண் எழுப்பி, மேலே பனஞ்சிலாகைகளை ஒரு விரல் இடைவெளி விட்டு அடித்தோம். சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி. அடியில் காற்று ஓடும், கறையான் புற்றுக் கட்டினால் கண்ணுக்குத் தெரியும், பூனையும் போய்வரும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் இந்த ஹோலுக்குள் நின்றது. அந்த வருடம் மிஞ்சிக் கிடந்த கீழ் வரிசை மூட்டைகள் முளைத்துப் போயின என்று அக்கா சொன்னது அந்தப் பதினெட்டு அங்குலத்தில் இருக்கிறது.

மாசியிலிருந்து மூட்டை, மூட்டை இறங்க இறங்க ஆட்கள். மேலே பனம்பாய், சாய்வதற்கு அக்காவின் பழைய பருத்திச் சீலைகளில் தைத்த நீளத் தலையணை.

மரம் பற்றி ஒரு வார்த்தை. முன்விளிம்புக்கு முதிரை வேண்டும் என்று நினைத்தேன். ஆட்கள் இருந்து இருந்து தேயும் இடம். இங்கே காட்டுமரத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாகனத்தில் ஏற்றினால் வழியிலேயே மறிப்பார்கள், மரமும் போய் வாகனமும் போகும். ஓடாவியார் (தச்சர்) ஒருவர் பழைய கட்டில் சட்டம் ஒன்று வைத்திருந்தார். சீவினால் உள்ளே தேன் நிறம். துளையடித்த இடங்களை அப்படியே விட்டோம், பொலிஷ் மட்டும். அழுத்தப் பலகை அலுமாரியின் அடிப்பக்கம் வெள்ளத் தண்ணீரில் ஊதி, மிச்சத்தைக் கறையான் தின்றிருந்தது. இனிமேல் அலுமாரி வாங்குபவர்கள் சின்னதாகவாவது நல்ல மரத்தில் வாங்குங்கள். இரண்டு கதவுக் கண்ணாடிக்கு ஆசைப்பட்டு அழுத்தப் பலகையை வாங்கினால் நாலு மழைதான்.

செற்றியைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவணைக்கு எடுத்து, இருபத்துநாலு மாதம் கட்டி முடித்தது. இரண்டு ஒற்றை இருக்கைகளை விறாந்தைக்கு எடுத்தோம், மூன்று பேர் இருக்கும் துண்டைக் கிழக்கு யன்னலடியில் போட்டோம், கைத்தறித் துணியில் கழற்றித் தோய்க்கக்கூடிய உறை தைத்தார் அக்கா. பொலித்தீனைக் கழற்றுவதா இல்லையா என்ற வாதம் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் நான் போனபோது அது முற்றத்தில் கிடந்தது. பாக்குவெட்டியால் ஆச்சி வெட்டியிருந்தார்.

நிறம்

அக்காவுக்கு வாடாமல்லி நிறம் பிடிக்கும். ஒரு சுவர் வாடாமல்லி, ஒன்று கிளிப்பச்சை. அலங்காரப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கேட்டால் மூக்கைச் சுளிப்பார்கள்; எங்கும் சாம்பலும் மண்ணிறமும்தான் "ரசனை". எனக்கு ஒத்துவரவில்லை. வருடக்கணக்காக வெள்ளையும் நீலமுமான தறப்பாளுக்குள் இருந்த சனம் கல்வீடு கட்டியதும் கண்ணைப் பறிக்கிற நிறம் அடித்ததில் என்ன பிழை? அக்கா ஒரே ஒரு நிறத்தைத்தான் வேண்டாம் என்றார். "நீலம் மட்டும் அடிக்காதேங்கோ. தறப்பாளுக்குள்ளை இருக்கிற மாதிரி இருக்கும்."

ஆனால் இங்கே வெளிச்சம் கடுமை. முற்றத்து வெள்ளை மணலில் பட்டு உள்ளே தெறிக்கும் பகல் வெளிச்சத்தில் பளீர் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசும்; கடும் நிறமோ அறையை ஒடுக்கும். பெரிய சுவர்களுக்கு மோர் நிறம். வாடாமல்லியைச் சாமித்தட்டு உள்ள வடகிழக்கு மூலைக்கும் அதன் உட்பக்கத்துக்கும் கொடுத்தோம். குத்துவிளக்கு ஏற்றினால் பித்தளைக்குப் பின்னால் அந்த நிறம் நிற்கிற நிலை, நான் தெரிவு செய்திருந்தால் வந்திருக்காது.

இரவு வெளிச்சத்துக்கு அதுவரை ஒரு வெள்ளை ரியூப் லைற். நடுவில் எரிந்தால் எல்லாருடைய முகமும் ஆஸ்பத்திரியில் இருப்பது போல. அதை விட்டுவிட்டு, மஞ்சள் சாயலான எல்.இ.டி. மூன்று: குந்துக்கு மேலே ஒன்று, மகன் படிக்கும் மேசைக்கு, வாசலுக்கு. மழைக்காலத்தில் ஈசலும் மஞ்சளுக்குக் குறைவாகத்தான் வரும். குந்துக்கு மேலுள்ளதற்குப் பனையோலைக் குட்டானைக் கவிழ்த்து மூடியாக்கினோம். எல்.இ.டி. சூடு குறைவு என்பதால் செய்யலாம். பழைய குண்டு பல்ப் போட்டால் ஓலை கருகும். பன்னவேலைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் ஒரு எச்சரிக்கை: வாடைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் கண்ட நாளில் வெளியே போட வேண்டும், அதிக வெயிலில் சாயம் வெளிறும்.

போத்தலில் விட்ட மணிபிளான்ற் வைக்க மகள் வவுனியாவிலிருந்து யோசனை சொன்னாள். வைத்தோம். கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிட்டுப் போத்தலின் உட்புறத்தை உரஞ்சிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்குத் தொட்டில் கட்டியது மாதிரி.

படங்கள்

சுவருக்குப் படம் மாட்டுவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் படங்களையும் நிலத்தில் பரப்பி, ஒரே நிறச் சட்டம் போட்டு, நடுப்படத்தின் மையம் நிலத்திலிருந்து ஐந்தடியில் வரும்படி ஒரே சுவரில் கூட்டமாக மாட்டுவது. கூரைக்குக் கீழே வரிசையாகச் சாய்த்து மாட்டுவதைவிட இது வடிவு, பார்க்கவும் வசதி. அக்காவிடம் படங்களைக் கேட்டேன். தகப்பனார், மாமனார், மாமியார், தமையன். மூத்தவர்களுக்குச் சந்தனமும் பிளாஸ்ரிக் மாலையும். மகளின் பட்டமளிப்பு, கலியாணப் படம், கனடாத் தம்பியின் குடும்பம்.

எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. கலியாணப் படத்தில் பக்கத்தில் நிற்பவர் தனியாக எங்கும் இல்லை. கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன். அக்கா அறைக்குள் போய், சீலைகளுக்கு இடையிலிருந்து ஒரு சிறு படத்தைக் கொண்டுவந்தார். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்தது. போர் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பலர் சொல்லியும் எடுக்கவில்லை.

"அந்தச் சுவரிலை போட ஏலாது தங்கச்சி. அங்கை உள்ள எல்லாருக்கும் மாலை."

என் ஒற்றைச் சுவர் அன்றோடு போயிற்று. மாலையிட்ட படங்கள் மேற்குச் சுவரில், குசினி வாசலுக்கு மேலே, பழைய மாதிரியே. பட்டமளிப்பும், கலியாணமும், கனடாவும், நாட்காட்டியும், திறப்புக் கொழுவும் கொளுக்கியும் முன்வாசலுக்குப் பக்கத்தில். போகிறவர் வருகிறவர் கை படுகிற சுவர் அது. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவருடைய படம், மற்றவற்றைப் போலவே கறுப்புச் சட்டத்தில், அதே உயரத்தில். அக்கா நிமிர்த்திவிட்டு, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொன்னார். தள்ளினேன்.

பிழைத்தது

ஆடியில் தம்பியார் குடும்பம் வந்தது. பிள்ளைகள் குந்தில் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்ததைப் படம் எடுத்து அனுப்பினார்கள். நானும் அலுவல் முடிந்தது என்று நினைத்தேன்.

சுவர்களின் அடியில் மூன்றடிக்கு ஒரு செங்காவிப் பட்டி அடித்திருந்தேன். புழுதி தெரியாது, சைக்கிள் சாத்தினாலும் ஊத்தை தெரியாது, ஈரத்துணியால் துடைக்கலாம். துடைக்க இலகு என்று எனாமல் பெயின்ற். மார்கழி மழையில் மேற்குச் சுவரின் வெளியே திறந்த பகுதி முழுக்க, பட்டி கொப்புளம் போட்டது. நகத்தால் தொட்டால் உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் சீமெந்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

காரணம் சுவருக்கு வெளியே. பீலி இல்லாத தாழ்வாரத்தால் விழும் தண்ணீர் சுவரடியில் குழி தோண்டி, தெறித்துச் சுவரை நனைக்கிறது. அதோடு வருடா வருடம் முற்றத்துக்கு மண் போட்டுப் போட்டு வெளிநிலம் உயர்ந்து, உள்நிலத்துக்கு நாலு அங்குலம் குறைவாகத்தான் நின்றது. ஈரம் கல்லால் ஏறுகிறது. வெளியேற வழியில்லாமல் எனாமல் தோல் மூடி வைத்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்திருந்தால் கறை படிந்திருக்கும், ஆனால் சுவர் மூச்சு விட்டிருக்கும். பெயின்ற் அடிக்க முதல் ஒரு முழப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தால் உட்பக்கம் வியர்ப்பது தெரிந்திருக்கும். எனக்கு அது தெரியும். கோடையில் போன வேலை, சுவர் காய்ந்து கிடந்தது, செய்யவில்லை.

செலவைப் பார்த்தால்: கூரைப் பூச்சும் சிலிங்கும் பாதிக்கு மேல் விழுங்கின. குந்து, மரம், கூலி அடுத்தது. பெயின்றும் துணியும் லைற்றும் நினைத்ததைவிடக் குறைவு. மொத்தம் 187,000 ரூபா. மிஞ்சிய பதின்மூவாயிரத்தை அக்கா தொடாமல் வைத்திருந்தார். அதில் மேற்குப் பக்கப் பீலியும், தண்ணீரைத் தென்னைக்குக் கொண்டுபோகும் குழாயும் வந்தன. முதலில் வந்திருக்க வேண்டியவை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு பின்னேரம் போனேன். கோடை பிறந்ததும் பட்டியைச் சுரண்டி, இரண்டு மாதம் காயவிட்டு, காவி கலந்த சுண்ணாம்பு பூசுவதென்று மேசனோடு பேச்சு. முற்றத்து மண்ணைச் சுவரோரம் ஒரு அடி அகலத்துக்கு வெட்டி எடுக்க மகன் ஒத்துக்கொண்டான். ஆச்சி குந்தில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பத்திப் பக்கம் படுக்கிற பழக்கம் போய்விட்டதாம்.

என்னைக் கண்டதும் அவருக்கு ஒரு முறைப்பாடு. "அடுத்த மாசம் நெல்லு வரும். பிறகு நான் எங்கை படுக்கிறது?"

நான் கணக்குப் போடாத இடம் அது. மூட்டையும் ஆளும் மாறி மாறி என்று படத்தில் கீறினேன். ஆச்சிக்கு மாறிப் போக இடம் கீறவில்லை. செற்றியில் படுக்கலாமே என்றார் அக்கா.

"அதிலை நான் படுக்கன். வழுக்கும்."

குந்தைக் கிழக்குப் பக்கமாக இன்னும் ஐந்தடி நீட்ட வேண்டும். முன்னறைக் கதவு உள்ளுக்குத் திறக்கிறதால், கதவடியில் ஒரு நடைவெளி விட்டு மிச்சத்துக்கு எழுப்பலாம். கல்லுப் பறித்தாயிற்று. பனஞ்சிலாகை இன்னும் கிடைக்கவில்லை.